சாவி டப்பா

பல்லடத்தில் ஒரு மருத்துவமனை. அதன் அவசரப் பிரிவில், மருந்து அலமாரியின் அடித்தட்டில் ஒரு பழைய பிஸ்கட் டப்பா கிடந்தது. திறந்தால் பிஸ்கட் இருக்காது, சாவிகள் இருக்கும். பைக் சாவி, பீரோ சாவி, கடைப் பூட்டின் சாவி, எந்தப் பூட்டுடையது என்று யாருக்குமே தெரியாத துருப்பிடித்த சாவி. எல்லாமே வலிப்பு வந்து தூக்கி வரப்பட்டவர்களின் கையிலிருந்து தலைமைச் செவிலி கோகிலவாணி விரல் விரலாகப் பிரித்துப் பிடுங்கியவை.

இரும்பைக் கையில் கொடுத்தால் வலிப்பு நிற்கும் என்று நம்முடைய ஆட்களுக்கு யார் ஓதிவிட்டார்களோ தெரியவில்லை. ஆம்புலன்ஸ் ஓட்டுநர் இல்லாமல் தானே ஓடுகிற காலம் வந்துவிட்டது. ஆனாலும் நடுரோட்டில் ஒருவன் விழுந்து கைகால் இழுத்தால், சுற்றி நிற்பவர்களின் கை முதலில் போவது சாவிக்கொத்துக்குத்தான். கோகிலவாணி அவர்களை வாசலிலேயே பிடித்துக்கொள்வாள்.

"இரும்புல நிக்கும்னா நான் எதுக்குங்க இங்க மருந்து கலக்கிட்டு நிக்கறேன்? ஒரு இரும்புக்கடை வெச்சு ஊருக்கே வைத்தியம் பாத்துருவேனே! இன்னொருக்கா யாருக்காச்சும் வந்துச்சுன்னா ஒருக்களிச்சுப் படுக்கப் போடுங்க. வாய்க்குள்ள ஒண்ணும் திணிக்காதீங்க. அது போதும்."

திட்டு வாங்கியவர்கள் தலையாட்டிவிட்டுப் போவார்கள். சிலர் சாவியைக் கேட்டுத் திரும்பி வருவார்கள். வராதவர்களுடையது டப்பாவில் சேரும்.

பிறகு பொத்தான் வந்தது. கம்பெனி வைத்த பெயர் வாயில் நுழையாதது. பனியன் தைக்கும் ஊரில் அது பொத்தானாகிவிட்டது. கழுத்தெலும்புக்குக் கீழே தோலுக்கடியில் வைத்துத் தைத்துவிடுவார்கள். அங்கிருந்து ஒரு மெல்லிய இழை காதுக்குப் பின்னால் ஏறி மூளையைக் கவனித்துக்கொண்டே இருக்கும். வலிப்பு தொடங்கினால் கொஞ்சம் பொறுக்கும், ஏனென்றால் பெரும்பாலான வலிப்புகள் தாமாகவே அடங்கிவிடும். ஐந்து நிமிடம் தாண்டியும் அடங்கவில்லை என்றால்தான் ஆபத்து. அப்போது பொத்தான் தன்னிடமுள்ள மருந்தை ரத்தத்தில் செலுத்தும், ஆம்புலன்ஸை அழைக்கும். மணிக்கட்டில் கட்டியிருக்கும் பட்டை உரத்த குரலில் பேசத் தொடங்கும்: "இவருக்குச் சிகிச்சை நடந்துகொண்டிருக்கிறது. யாரும் தொட வேண்டாம். விலகி நில்லுங்கள்."

அது வந்த பிறகு டப்பாவில் ஒரு சாவிகூடச் சேரவில்லை. கோகிலவாணிக்கு அதில் பெருமையென்றால் அப்படியொரு பெருமை. கடைசியில் நம் ஆட்களுக்குப் புத்தி வந்துவிட்டது என்று பார்ப்பவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தாள். சம்பத்தை இறக்கிய மதியம் வரைக்கும் சொல்லிக்கொண்டிருந்தாள்.

சம்பத் ஒரு பனியன் கம்பெனியில் கட்டிங் மாஸ்டர். முப்பது வயதைத் தாண்டிய, நல்ல வாட்டசாட்டமான ஆள். ஆம்புலன்ஸ் தானாக வந்து நின்றது, கதவு தானாகத் திறந்தது, படுக்கை தானாக உருண்டு உள்ளே வந்தது. ஆளைத் தூக்கி ஏற்றியதும் எந்திரக் கைகள்தான். எல்லாம் சரியாகத்தான் நடந்திருந்தது. ஆனால் ஆளின் உதடு நீலம் பாரித்திருந்தது. தொண்டையில் கொழகொழவென்று சத்தம்.

"சக்ஷன் எடுங்க! இந்தப் பக்கமாத் திருப்புங்க!" கோகிலவாணி அவன் தோளையும் இடுப்பையும் பிடித்துத் தன் பக்கமாகப் புரட்டினாள். வாயிலிருந்து சாப்பாடும் கோழையுமாக வந்து விழுந்தது. உறிஞ்சி எடுத்து, ஆக்சிஜன் வைத்து, விரல் நுனியில் சர்க்கரை பார்த்து, நரம்பில் ஊசியை ஏற்றினாள். கை தன்பாட்டில் வேலை செய்தது. மனம் மட்டும் ஓரிடத்தில் சிக்கி நின்றது. இந்த ஆளை விழுந்ததிலிருந்து இதுவரைக்கும் ஒரு மனிதக் கை தொடவில்லை, தன்னுடையதுதான் முதல் கை என்று அவளுக்கு உறைத்தது.

டாக்டர் ரிஹானா குனிந்து அவன் முகத்தையே பார்த்தாள். கைகால் இழுப்பது நின்றிருந்தது. ஆனால் இமையோரம் விடாமல் துடித்துக்கொண்டிருந்தது.

"வெளிய நின்னுருச்சு சிஸ்டர், மூளைக்குள்ள நிக்கல. அடுத்த மருந்தைப் போடலாம். அதுக்கும் அடங்கலன்னா மயக்கம் கொடுத்து மூச்சுக் குழாய் வெச்சிரலாம்."

அடுத்த மருந்துக்கும் அடங்கவில்லை. மயக்கம் கொடுத்து, மூச்சுக்கு எந்திரம் வைத்த பிறகுதான் இமை அமைதியானது. நுரையீரலுக்குள் வாந்தி போயிருந்தது. பிழைப்பானா என்று கேட்டால், இப்போதைக்குச் சொல்ல முடியாது என்றாள் ரிஹானா.

வெளியே பெஞ்சில் அவன் மனைவி செல்வநாயகி உட்கார்ந்திருந்தாள். அதே கம்பெனியில் செக்கிங் வேலை. நூல் பிசிறு ஒட்டிய சேலையோடு அப்படியே வந்திருந்தாள்.

"யாருமே கிட்ட வரலியா கண்ணு?" என்று கோகிலவாணி கேட்டாள்.

"எப்படிங்க வர்றது? தொடாதீங்க தொடாதீங்கன்னு அது கத்திட்டே இருந்துச்சுங்க. அத்தனை பேரும் சுத்தி நின்னுட்டோம். மல்லாக்க விழுந்தாரு, மல்லாக்கவே கெடந்தாரு. வாயோரம் வாந்தி வந்ததைப் பாத்தேன்." அவள் முந்தானையை வாயில் அழுத்திக்கொண்டாள். "நானுந்தானுங்க சிஸ்டர் நின்னேன். எங்கூட்டுக்காரரு. ரெண்டு எட்டுத் தூரம்."

கோகிலவாணி அவள் கையைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்தாள்.

மறுநாள் கோயமுத்தூரிலிருந்து பொத்தான் கம்பெனிக்காரர் வந்தார். நவநீதன் என்று பெயர், பொத்தானை வடிவமைத்தவர்களில் ஒருவர். ஒல்லியான உடம்பு, தூக்கமில்லாத கண்கள், மணிக்கட்டில் அவருக்கும் ஒரு பட்டை. பொத்தானின் பதிவுகளைப் படிக்கும் சின்ன எந்திரத்தைச் சம்பத்தின் நெஞ்சருகே காட்டிவிட்டு நிமிர்ந்தார்.

"பொத்தான் சரியா வேலை செஞ்சிருக்குங்க. மருந்து போன நேரம், ஆம்புலன்ஸக் கூப்பிட்ட நேரம், எல்லாம் சரி."

கோகிலவாணிக்குச் சுர்ரென்று ஏறியது. "பொத்தான் நல்லாத்தானுங்க இருக்குது. ஆளுதான் செத்துட்டிருக்கறான்."

"சிஸ்டர்..."

"நீங்க போடற மருந்து வலிப்பை அடக்கும், ஒத்துக்கறேன். கூடவே மூச்சையும் மந்தமாக்கும். அந்த நேரத்துல ஒருத்தன் மல்லாக்கக் கெடந்தா என்னாகும்? நாக்கு பின்னால போயி அடைக்கும், வாந்தி நெஞ்சுக்குள்ள எறங்கும். ஒருக்களிச்சுப் போட்டிருந்தா இன்னைக்கு எந்திரிச்சு உக்காந்து டீ குடிச்சிட்டிருப்பாரு. அதுக்கு ஒரு ஆளு போதும். அந்த ஒரு ஆளையும் உங்க மிசினு வெரட்டி விட்டுருச்சு. எந்தப் புண்ணியவான் அந்தப் பேச்சை எழுதுனது?"

"நான்தான்," என்றார் நவநீதன்.

அவர் மேலுதட்டைத் தூக்கிக் காட்டினார். முன்பல் இரண்டும் கட்டியவை. பிறகு வலது உள்ளங்கையை விரித்தார். குறுக்கே ஒரு பழைய தழும்பு இருந்தது.

"பள்ளிக்கூடத்துல படிக்கும்போதுங்க. பிரேயர்ல விழுந்துட்டேன். வாத்தியாரு கரண்டியை வாய்க்குள்ள விட்டு நெம்புனாரு, பல்லு போச்சு. காலு மேல ரெண்டு பேரு, நெஞ்சு மேல ஒருத்தரு உக்காந்தாங்க. யாரோ செருப்பை மூக்குல வெச்சாங்க. சாவியக் கையில வெச்சு எறுக்கிப் புடிச்சதுல கிழிஞ்சது இது. எல்லாரும் நல்ல மனசோடதான் பண்ணுனாங்க. முழிச்சுப் பாக்கறேன், வாயெல்லாம் ரத்தம், சுத்தியும் கூட்டம். அன்னைக்கு நெனச்சேன், என்னையத் தொடாம இருந்திருந்தா எவ்வளவோ நல்லா இருந்திருக்கும்னு. வளந்து பெரியாளாயி அதையேதான் மிசினுக்குச் சொல்லிக் குடுத்தேன்."

கோகிலவாணியின் கோபம் எங்கே போனதென்று தெரியவில்லை. அந்தப் பள்ளிக்கூடத்துப் பையன் அவருக்குள் எங்கோ இன்னும் வாயைப் பொத்திக்கொண்டு நிற்பது அவளுக்குத் தெரிந்தது. ஆனால் எந்திரத்தோடு கிடக்கிற சம்பத்தும் தெரிந்தான்.

"சரிங்க," என்றாள் மெதுவாக. "ஆளுங்க கிட்ட வந்தா ஆபத்துன்னு நீங்க சொல்றீங்க. வராட்டி ஆபத்துன்னு நான் சொல்றேன். ரெண்டும் நெசந்தான். ஏதாச்சும் பண்ணுங்க."

நவநீதன் பண்ணினார். குரலை மாற்றினார். 'விலகி நில்லுங்கள்' போய், 'யாராவது ஒருவர் வந்து இவரை ஒருக்களித்துப் படுக்க வையுங்கள்' என்று வந்தது. சம்பத்தின் கம்பெனியிலேயே சாப்பாட்டு அறையில் சோதித்துப் பார்த்தார்கள். ஒருவர் தரையில் விழுந்து நடித்தார். பட்டை பேசியது. சுற்றி நின்றவர்கள் அடுத்து அது என்ன சொல்லப் போகிறதென்று காது கொடுத்துக் கேட்டுக்கொண்டே நின்றார்கள். யாராவது ஒருவர் என்றால் அது தான் அல்ல என்று ஒவ்வொருவருக்கும் நிச்சயமாகத் தெரிந்திருந்தது. நவநீதன் முகம் தொங்கிப்போய் மருத்துவமனைக்கு வந்தார்.

அதற்குள் சம்பத் கண் விழித்திருந்தான். மூச்சுக் குழாய் எடுத்தாகிவிட்டது, குரல் கரகரத்தாலும் பேசினான். அந்த வார்டுக்கே சந்தோஷம். செல்வநாயகி கோகிலவாணியின் காலில் விழப் போய், அவளிடம் ஒரு திட்டு வாங்கிக்கொண்டாள். ஆனால் அடுத்த வார்த்தையாக அவள் சொன்னது வேறு.

"அந்தப் பொத்தானைக் கழட்டிப் போடுங்க சிஸ்டர். எங்களுக்கு வேண்டாம்."

"கழட்டிட்டு? அடுத்த தடவை வலிப்பு நீண்டா, ஆஸ்பத்திரி வந்து சேர்ற வரைக்கும் மருந்து போட ஆளில்லியே கண்ணு. மூளை கெட்டுப்போயிருமே."

"இருந்தா கிட்ட வர ஆளில்லீங்களே."

கோகிலவாணி பத்து நாள் டைம் கொடு என்று மட்டும் கேட்டாள். எதை நம்பிக் கேட்டாள் என்று அவளுக்கே தெரியாது.

மருந்து அலமாரிக்கு வந்து எதையோ தேடப் போனவள், கோபத்தில் அடித்தட்டை இழுக்க, பிஸ்கட் டப்பா சரிந்து சாவிகளெல்லாம் தரையில் கொட்டின. நவநீதனும் குனிந்து பொறுக்க வந்தார். ஒரு சாவியைத் தொட்டதும் சட்டென்று கையை இழுத்துக்கொண்டார்.

"இதெல்லாம் என்னங்க?"

"உங்களுக்குப் பண்ணுன மாதிரி பண்ணிப்போட்டு வந்த ஆளுங்களோட சாவிங்க. எத்தனை பேர்கிட்ட கத்தியிருப்பேன்! பொத்தான் வந்த பொறகு ஒண்ணுகூட..." கோகிலவாணி பேச்சை நிறுத்தினாள். தரையில் அப்படியே உட்கார்ந்துவிட்டாள். கையில் ஒரு பழைய மொபெட் சாவி இருந்தது.

டப்பாவில் சாவி சேரவில்லை என்று இத்தனை காலம் பெருமைப்பட்டோமே என்று அவளுக்கு அழுகை முட்டியது. சாவி வரவில்லை என்றால் சாவி கொடுக்க ஆள் வரவில்லை என்றுதானே அர்த்தம். இந்த மொபெட்காரர் வண்டியை நடுரோட்டில் போட்டுவிட்டு ஓடி வந்திருக்கிறார். முன்பின் தெரியாதவன் பக்கத்தில் மண்டி போட்டிருக்கிறார், எச்சில் வழிகிற ஆளின் கையைப் பிடித்து விரலை மடக்கியிருக்கிறார். ஆஸ்பத்திரி வரைக்கும் கூடவே வந்து, திட்டும் வாங்கிக்கொண்டு, சாவியை மறந்துவிட்டு நடந்தே வீட்டுக்குப் போயிருக்கிறார்.

"தம்பி," என்றாள். அதுவரை அவரை அவள் அப்படிக் கூப்பிட்டதில்லை. "ஒருக்களிச்சுப் போடச் சொன்னா நம்மாளுக்கு எப்படின்னு தெரியாது, பயப்படுவான். சாவி குடுன்னா தெரியும். யோசிக்காம வருவான். அவன வர வெச்சுருங்க. வந்த பொறகு மத்ததச் சொல்லிக்கலாம்."

நவநீதன் நிமிர்ந்து பார்த்தார். "சிஸ்டர், நீங்களா இதைச் சொல்றீங்க? அது மூடநம்பிக்கை. நான் வாழ்க்கை பூரா வெறுத்த சங்கதி."

"நானும் வெறுத்ததுதான். இரும்புல ஒண்ணும் நிக்காது. மருந்து பாட்டுக்கு உள்ள போகட்டும், அதுக்கும் சாவிக்கும் சம்பந்தமே வேண்டாம். ஆனா ஒரு சாவிய எத்தனை பேரு குடுக்க முடியும்? ஒருத்தர்தானே? உங்களுக்குக் கூட்டம் ஆகாது, எனக்கு ஒரு ஆளு வேணும்."

அவர் தன் உள்ளங்கைத் தழும்பைப் பார்த்தார். பிறகு தரையிலிருந்து ஒரு சாவியை எடுத்தார், இந்த முறை கையை இழுக்கவில்லை. "பல்லு இல்லாம, மழுங்கலாத்தான் செய்வேன்," என்றார்.

"செய்யுங்க. சாவி கைக்கு வந்துச்சுன்னு பட்டைக்குத் தெரியோணுமே, உள்ள என்ன வெப்பீங்க? கம்பியா, பேட்டரியா?"

"அது எங்க தொழில் ரகசியமுங்க," என்று முதல்முறையாகச் சிரித்தார்.

"மொதல்ல தூங்குங்க. கண்ணப் பாருங்க, கோவைப்பழமாட்ட இருக்குது. உங்களுக்கே மிசினு கட்டியிருக்குது, தூக்கம் கெட்டா வலிப்பு வரும்னு நான் சொல்லித்தான் தெரியோணுமா?"

தலையாட்டினார். தூங்கவில்லை என்பது பிறகு தெரிந்தது. கம்பெனியில் மேலிருப்பவர்களிடம் மன்றாடி, புதுப் பேச்சைத் தன் குரலிலேயே பதிவுசெய்து, சாவிகளைத் தானே ராவி மழுக்கி, சொன்ன கெடுவுக்குள் முடித்தார். கழுத்துக் கயிற்றில் தொங்கும் சின்னச் சாவி. சம்பத்துக்கு முதல் சாவியை அவன் வேலை செய்யும் பனியன் கம்பெனியிலேயே வைத்துக் கொடுப்பதென்று முடிவானது. கோகிலவாணிக்கு டியூட்டி. போக முடியவில்லை.

அன்று முற்பகல் ஆம்புலன்ஸ் தானாக வந்து நின்றது, கதவு தானாகத் திறந்தது. கோகிலவாணி வாசலுக்கு ஓடினாள். உள்ளே ஒருக்களித்துப் படுத்திருந்தவர் சம்பத் அல்ல, நவநீதன். வாய் சுத்தமாகத் துடைத்திருந்தது. தலைக்குக் கீழே மடித்த பனியன் துணி. உதட்டில் நல்ல நிறம். பக்கத்தில், சாமான் வைக்கும் இடுக்கில் உடம்பைக் குறுக்கிக்கொண்டு உட்கார்ந்து, அவர் கையைத் தன் கைக்குள் வைத்திருந்தாள் செல்வநாயகி.

"பேசிட்டே இருந்தாருங்க சிஸ்டர், மரமாட்ட விழுந்தாரு," அவள் மூச்சு வாங்கினாள். "விழுந்தவரு எந்திரிக்கவே இல்ல. பட்டை பேசுச்சு, அவரு குரல்லயே. 'யாரோ ஒருத்தர் மட்டும் வாங்க, சாவிய எங்கையில குடுங்க'ன்னு. எல்லாரும் எம்மூஞ்சியப் பாத்தாங்க. நான் இந்தவாட்டி நிக்கலீங்க."

"நல்ல காரியம் பண்ணுன கண்ணு. பொறகு?"

"சாவியக் குடுத்து விரலை மடக்குனேன். உடனே மெதுவாப் பேசுச்சு, எனக்கு மட்டும் கேக்கறாப்புல. 'வந்துட்டீங்களா, நன்றிங்க. மத்தவங்களைத் தள்ளி நிக்கச் சொல்லுங்க. என்னைய உங்க பக்கமாத் திருப்புங்க. வாய்க்குள்ள ஒண்ணும் வெக்காதீங்க. கூடவே இருங்க'ன்னு. பயந்தானுங்க. ஆனா அது சொல்லச் சொல்லப் பண்ணிட்டேன்."

ரிஹானா இமையைத் தூக்கிப் பார்த்தாள், மூளை அலையைப் பார்த்தாள், புன்னகைத்தாள். "முழுசா நின்னுருச்சு. மருந்து மயக்கம்தான். கொஞ்ச நேரத்துல எந்திரிச்சிருவாரு."

பழக்கம் விடவில்லை. கோகிலவாணி அவருடைய விரல்களைப் பிரித்துச் சாவியை எடுத்தாள். எடுத்ததும் புருவம் சுருங்கியது. மழுங்கலாக இல்லை. பல்லுப் பல்லாக, பளபளவென்று, ஒரு சாதாரணச் சாவி. அவர் கழுத்தைத் தடவிப் பார்த்தாள். கயிறே இல்லை. ஊருக்கெல்லாம் செய்தவர் தனக்கு ஒன்று மாட்டிக்கொள்ளவில்லை. அந்தப் பழைய வெறுப்பு அந்தளவுக்காவது மிச்சமிருந்திருக்கிறது.

நவநீதன் கண் திறந்தபோது கூட்டம் இல்லை. வாயில் ரத்தம் இல்லை. நாக்கால் முன்பல்லைத் தடவிப் பார்த்துக்கொண்டார். பக்கத்தில் ஒரே ஒரு பெண் உட்கார்ந்திருந்தாள். அவளைப் பார்த்து, என்ன நடந்திருக்கும் என்று புரிந்துகொண்டு, முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பி அழுதார். கோகிலவாணி அழ விட்டாள்.

பிறகு சாவியை அவர் முன்னால் நீட்டினாள். "இது உங்க சாவி இல்லியே தம்பி. அப்புறம் எப்படிப் பட்டை பேச்சை மாத்துச்சு? கம்பி, பேட்டரி எல்லாம் உங்க சாவிக்குள்ளதானே இருக்குது?"

அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். குரல் இன்னும் குழறியது.

"எந்தச் சாவிக்குள்ளயும் ஒண்ணும் இல்லீங்க சிஸ்டர். வெறும் இரும்பு. பட்டை தேடறது சாவியை இல்ல. எங்கைய இன்னொருத்தரு புடிச்சா, அவங்க நாடி அதுக்குக் கேக்கும். ரெண்டாவது நாடி கேட்டதும் பேச்சை மாத்தும். அவ்வளவுதான்."

செல்வநாயகி தன் மணிக்கட்டைத் திருப்பிப் பார்த்துக்கொண்டாள்.

"அவருக்குப் பொத்தான் இருக்கட்டுங்க சிஸ்டர்," என்றாள். "கழட்ட வேண்டாம்."

கோகிலவாணி தலையாட்டினாள். கையிலிருந்த சாவியோடு அலமாரிப் பக்கம் நடந்து, குனிந்து, டப்பாவின் மூடியைத் திறந்தாள்.

"ஐயோ சிஸ்டர், அதுல போட்டுராதீங்க!" செல்வநாயகி பதறிக்கொண்டு எழுந்தாள். "எங்கூட்டுச் சாவிங்க அது. ஒண்ணுதான் இருக்குது. சாயங்காலம் அவரு வாசல்லயே நிக்கோணும்."